மின்தூக்கியை இழுக்கும் வெயில்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கூரைகளில் அரசாங்கம் பொருத்தும் சூரியசக்தித் தகடுகளைப் பற்றிய கட்டுரைக்கு நன்றி. "என் வீட்டு மின்கட்டணம் குறையவில்லையே" என்று அண்டைவீட்டுப் பாட்டி என்னிடம் கேட்டார். குறையாது, பாட்டி. அந்த மின்சாரம் பகலில் மின்தூக்கிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் போகிறது. மிஞ்சுவது மின்கட்டமைப்பில் சேர்கிறது. கேட்டதும் என் பேத்தி, "அப்படியென்றால் நம்மை மேலே இழுப்பது வெயிலா!" என்று மின்தூக்கிக் கதவைத் தொட்டுப் பார்த்தாள். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் மிதக்கும் 122,000 தகடுகளைப் பெருமையோடு பேசுகிறோம். நம் தலைக்கு மேலே இருப்பதையும் சொல்லுங்கள். இந்த மாதம் எங்கள் கூரை எவ்வளவு மின்சாரம் தந்தது என்று ஒவ்வொரு புளோக்கின் கீழ்த்தளத்திலும், தமிழிலும் சேர்த்து, ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும்.