காகிதக் குவளை

எங்கள் அலுவலகத்தில் பதினொரு மணிக்குத் தேநீர் வரும். பத்துப் பேருக்கு எவர்சில்வர் டம்ளர். புதிதாக வந்த இளநிலை உதவியாளருக்கு மட்டும் காகிதக் குவளை. கேட்டால், "டம்ளர் பற்றவில்லை சார்." மூன்று மாதமாகவா பற்றவில்லை? அந்தப் பத்தில் ஒன்று என்னுடையது. நானும் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பிறகு ஒருநாள் அதிகாரி அவரை அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார். சங்கத்தில் மூத்தவர் ஒருவர், "பொறுத்துப் போங்கள் தம்பி, புகார் கொடுத்தால் 17(பி)யில் மாட்டிவிடுவார்கள்" என்றார். பெருந்தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை விதி அது. என் சர்வீசில் இதைவிடக் கெட்ட அறிவுரையைக் கேட்டதில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலேயே வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. 2018 திருத்தத்தின்படி வழக்குப் பதியப் பூர்வாங்க விசாரணையும் தேவையில்லை. ஆனால் சாதியைச் சொல்லித் திட்டியது 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும். வெளியார் இல்லாத நான்கு சுவருக்குள் என்றால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. சாத்திய கதவின் மகிமை அதுதான்.

அதே ஆண்டு நம் கடலூர் மாவட்டத்துத் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்கார வைத்தார்களே, அதற்குப் புகைப்படம் இருந்தது. வழக்கு வந்தது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் ஆனார். காகிதக் குவளையை யார் படம் எடுப்பார்கள்?

ஆகவே அன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், வாசலில் நின்றவர் யார், எந்தக் கோப்புக்காக அழைத்தார்கள் என்பது வரை. துறைத் தலைவருக்கு மனுவாகத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கும் ஒரு நகல் போகட்டும். அரசியலமைப்பின் 338ஆம் பிரிவின்படி அது அதிகாரியை வரவழைத்து விசாரிக்கலாம். பழிவாங்கும் இடமாற்றத்துக்குத் தடை போட மட்டும் அதற்கு அதிகாரம் இல்லை, அதற்கு வழக்குத்தான்.

எங்கே வழக்கு? புதுவை எல்லையான முள்ளோடைக்கு இந்தப் பக்கம் தமிழக அரசு ஊழியர் என்றால் நேராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நம் மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்தைக் கலைத்து வெகு நாளாகிறது. அந்தப் பக்கம் புதுவை அரசு ஊழியர் என்றால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். துறைக்குக் கொடுத்த மேல்முறையீட்டு மனுவுக்குப் பதில் வராவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து, அதற்கடுத்த ஓராண்டுக்குள் அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மனு கொடுத்த தேதிக்கே சான்று இல்லாதவர் எந்த நாளிலிருந்து எண்ணுவார்?

அந்தத் தம்பி எழுதவில்லை. விருப்ப இடமாறுதல் கேட்டு விருத்தாசலம் போய்விட்டார். அந்த மனுவுக்கு மட்டும் தபால் பிரிவில் கேட்காமலே முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.