ஞாயிற்றுக்கிழமை ஷோவைப் பற்றி நானும் சொல்லிவிடுகிறேன்

நாம் மாதாமாதம் படம் போடும் இடத்தில், ஞாயிறன்று ‘அந்த நாள்’ என்ற பழைய தமிழ்ப் படத் திரையிடலில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாக ஆளாளுக்கு எழுதுகிறார்கள். பெயர் போடாமல் ‘ஒரு அங்கிள்’ என்று எழுதினாலும் அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரிகிறது. படம் ஓடும்போது எழுந்து நின்று கத்தினேனாம். நான் கத்தவில்லை. பின்னால் போய், லேப்டாப் பக்கத்தில் இருந்த தம்பியிடம் குனிந்து, “படம் அகலமா இழுத்துக்கிட்டு இருக்கு, கொஞ்சம் பாருங்க” என்று மெதுவாகத்தான் சொன்னேன். “ஃபுல் ஸ்கிரீன் சார், இப்படித்தான் வரும்” என்றார். “இப்படி வராதுப்பா” என்றேன். அப்புறம்தான் மைக்கில், “பிடிக்காதவங்க வெளியே போகலாம், மத்தவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க” என்று அறிவித்தார்கள். நாலைந்து பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

நான் கேட்டது ஒன்றுதான். படத்தை எடுத்தவர்கள் எந்தச் சட்டகத்தில் எடுத்தார்களோ அந்தச் சட்டகத்தில் காட்டுங்கள்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத்திரைப் படம், 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. ‘அந்த நாள்’ 1954. அந்தக் காலத்துப் படச் சட்டகம் கிட்டத்தட்ட சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும், உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 1.37 பங்கு. இன்றைய புரொஜெக்டரும் டிவியும் 1.78. அதை இதில் இழுத்து நிரப்பினால் ஒவ்வொரு முகமும் முப்பது சதவீதம் அகலமாகும். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை என்று எஸ். பாலச்சந்தர் துணிந்து எடுத்த படம் அது. அப்படி ஒரு படத்துக்கு முகத்தையும் வெளிச்சத்தையும் இருட்டையும் விட்டால் வேறென்ன இருக்கிறது? ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் வைத்த ஒளியில் கதாநாயகி பண்டரிபாயின் முகம் எப்படி இருக்க வேண்டும், அன்று நம் திரையில் எப்படி இருந்தது? கன்னம் வீங்கினவர்போல இருந்தது. தோள்கள் பக்கவாட்டில் இழுபட்டு, ஆட்கள் எல்லோரும் குள்ளமாகத் தெரிந்தார்கள். வலது மூலையில் ஏதோ ஒரு சேனலின் லோகோ வேறு. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கிடைத்த காப்பி அதுதான் என்றால் சரி, பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இழுப்பது நாம் செய்வது. படம் ஓட்டுகிற வி.எல்.சி. மென்பொருளில் ‘ஏ’ பட்டனை நாலு தரம் தட்டிப் பார்த்தால் சரியாகிற விஷயம். இடதும் வலதும் கறுப்புப் பட்டை விழும், அவ்வளவுதான். பட்டை விழட்டுமே.

“நாற்பது பேரில் உங்களுக்கு மட்டும்தானே தெரிந்தது” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சாம்பாரில் உப்பில்லை என்று ஒருவர் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரையும் எண்ணிவிட்டா உப்புப் போடுவோம்?

“நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு இவ்வளவு எதிர்பார்க்கலாமா” என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

“நாங்க சின்ன இடம், பெரிய வசதி இல்லை” என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த இடம் எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாதா? மாடிப்படியில் நாற்காலி தூக்கினவர்களில் நானும் ஒருவன். மழை பெய்த ஒரு நாளில் ஆறு பேருக்காகப் படம் போட்டோம், அந்த ஆறில் நானும் ஒருவன். நியூயார்க்கில் ஃபிலிம் ஃபோரம் 1970இல் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தது ஐம்பது மடக்கு நாற்காலியும் ஒரே ஒரு புரொஜெக்டரும். லண்டனில் பிரின்ஸ் சார்ல்ஸ் என்று ஒரு தியேட்டர், பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் போடுவதுதான் அவர்கள் தொழில். இன்றைக்குக் காட்டப்போவது 35 எம்.எம். பிரிண்டா டிஜிட்டலா என்று நிகழ்ச்சி அட்டவணையிலேயே போட்டுவிடுகிறார்கள். பார்க்க வருகிறவனுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்கள். இதற்குப் பணம் வேண்டாம். சின்ன இடம்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்க முடியும். வெறுமனே படம் பார்க்க வேண்டுமென்றால் என் வீட்டிலேயே யூடியூப் இருக்கிறது, பஸ் மாறி மாறி ஒன்றரை மணி நேரம் எதற்காக வருகிறேன்?

என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிகிற காலம். குச்சி தேயத் தேய இடைவெளியைத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், விட்டால் திரை மஞ்சளடிக்கும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும். அதைப் பார்த்துத்தான் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். அப்பா வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட இடது கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார், அந்தப் பொட்டைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

ஒரு மாலை ஆட்டம், எனக்கு ஒன்பது வயது இருக்கும், மெஷின் ரூமில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மெயின் படம் சினிமாஸ்கோப். அதற்கு முன்னால் போடுகிற நியூஸ் ரீல் சாதாரணப் படம். படத்தை அகலமாக விரிக்கிற, முந்தின ஆட்டத்து ஸ்கோப் லென்ஸைக் கழற்றாமல் உதவியாள் அண்ணன் ஓட்டிவிட்டார். திரையில் ஒரு மந்திரி அணையைத் திறந்து வைக்கிறார், பூசணிக்காய் மாதிரி முகம். தரை டிக்கெட்டில் ஒரே விசில். அப்பா அந்த நிமிஷமே மெஷினை நிறுத்திவிட்டார். மேனேஜர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, “நியூஸ் ரீல்தானேய்யா, எவன் பார்க்கிறான், ஓட்டுய்யா” என்றார். அப்பா லென்ஸைக் கழற்றிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், “அதையும் ஒருத்தன் எடுத்திருக்கான்ல” என்றார். லென்ஸை மாற்றி, ரீலை முதலிலிருந்து சுற்றி, மறுபடி போட்டார். பத்து நிமிஷம் போயிற்று. சம்பளத்தில் பிடித்தார்கள் என்று அம்மா ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள்.

“பழம்பெருமை பேசாதீங்க, இப்போ டிஜிட்டல் காலம்” என்பார்கள். டிஜிட்டல் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? லென்ஸைக் கழற்றப் பத்து நிமிஷம் ஆகும். இன்றைக்கு ஒரு பட்டன். ஒரு பட்டனுக்கு எனக்கு மைக்கில் பதில்.

தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931. ஒரு பிரிண்ட்கூட இன்று இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, அதுவும் போய்விட்டது. மௌனப் படக் காலத்தில் இங்கே எடுத்ததெல்லாம் அநேகமாகக் கரைந்தே போயிற்று. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர் மாதிரி ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்து பெட்டி பெட்டியாகச் சேர்க்கவில்லை என்றால் மிச்சமிருப்பதும் இருந்திருக்காது. இத்தனை தொலைந்த ஊரில், தப்பிப் பிழைத்த ஒரு படம் நம் கைக்கு வருகிறது. அதைப் பார்க்கக் காலேஜ் பிள்ளைகள் வருகிறார்கள். அதில் பாதிப் பேருக்கு அந்தப் படத்தோடு முதல் பழக்கமே அன்றைக்குத்தான். அந்தக் காலத்துப் படம் என்றால் இப்படித்தான் மொத்தையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று அப்பாவையும் கூட்டி வந்திருந்தேன். கடைசி வரிசை, சுவரோரம். எழுபத்தெட்டு வயது. தியேட்டரில் க்யூப் என்ற டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் வந்து, பழைய மெஷினை எடைக்குப் போட்ட நாளோடு அவர் எந்தத் தியேட்டருக்குள்ளும் போனதில்லை. “அந்த நாள் போடறாங்கப்பா” என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். டைட்டில் ஓடும்போதே என் கையைத் தொட்டு, “லென்ஸ் மாத்தலையாடா?” என்று கேட்டார். அதனால்தான் எழுந்து போனேன். மைக்கில் வெளியே போகச் சொன்னபோது, நான் எழுவதற்கு முன்னால் செருப்பைத் தேடியவர் அவர்தான்.

அடுத்த மாத ஷோவுக்கு நான் வருவேன். யார் மேலும் எனக்குப் பகை இல்லை, நாற்காலி தூக்கவும் வருவேன். அப்பாவிடம் கேட்டேன். “முதல்ல நீ போய்ப் பாரு, சரியாப் போட்டாங்கன்னா போன் பண்ணு” என்றார்.