மியூனிக் பெஞ்சைப் பேசுகிறோம், அந்த மூன்று மாதத்தைப் பேசுவதில்லை

எந்தக் கால்பந்து நட்சத்திரம் தன் கிளப்போடு முறைத்துக்கொண்டாலும், மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடிய அர்ஜென்டினா முன்கள வீரர் கார்லோஸ் டெவெஸ் பெயர் உடனே வந்துவிடுகிறது. "ஆட இறங்க மாட்டேன் என்று மாற்று வீரர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாரே, அவர்தானே?" நேற்றும் ஒரு நண்பர் இதையே கேட்டார். மான்செஸ்டர் சிட்டியை அந்தக் காலத்திலிருந்தே பார்த்து வருகிறேன். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. டெவெஸ் தப்பே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. எதற்காக அவரைத் திட்ட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறொன்றுக்காகத் திட்டுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

2011 செப்டம்பர் 27, அலையன்ஸ் அரினா. சாம்பியன்ஸ் லீக்கில் பேயர்ன் மியூனிக்கோடு ஆட்டம். முதல் பாதி முடிவதற்குள் பேயர்னின் மரியோ கோமெஸ் இரண்டு கோல் போட்டுவிட்டார். சிட்டி கோல் தேடி ஓட வேண்டிய நேரத்தில் பயிற்சியாளர் மான்சினி என்ன செய்தார்? முன்கள வீரர் ஜெக்கோவை வெளியே எடுத்துவிட்டு, தடுப்பாட்டத்துக்குப் பெயர்போன நிஜெல் டி யோங்கை இறக்கினார். ஜெக்கோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஏற்கெனவே கோட்டோரம் ஓடி வார்ம்-அப் முடித்து உட்கார்ந்திருந்த டெவெஸிடம் மறுபடியும் எழுந்து போகச் சொன்னார்கள். அவர் எழவில்லை.

அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கும் ரத்தம் கொதித்தது. நான்கே மாதத்துக்கு முன்னால் கேப்டனாக நின்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியவர் அவர். 1976-க்குப் பிறகு, 35 வருடம் கழித்து கிளப்புக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை அது. அதே சீசனில் லீக்கில் 20 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை மான்செஸ்டர் யுனைடெட்டின் பெர்பதோவோடு பகிர்ந்துகொண்டவர். அப்படிப்பட்டவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாமா?

ஆட்டம் முடிந்ததும் மான்சினி மைக் முன்னால் வந்தார். டெவெஸ் இறங்க மறுத்துவிட்டார், தன் கையில் முடிவு இருந்தால் இனி அவர் சிட்டிக்கு ஆட மாட்டார் என்று உலகத்துக்கே சொல்லிவிட்டார். மறுநாள் டெவெஸ் தரப்பு விளக்கம் வந்தது. ஆட மறுக்கவில்லை, மறுபடி வார்ம்-அப் செய்யத்தான் மறுத்தேன், இறங்கச் சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேன் என்றார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். மைதானத்தில் பெரிதாக இல்லை. ஒப்பந்தத்தில் நிறையவே இருக்கிறது.

இந்த இடம்தான் முக்கியம். கிளப் இரண்டு வாரம் அவரை இடைநீக்கம் செய்து விசாரித்தது. ஒப்பந்தத்தை மீறினார் என்று முடிவு செய்து நான்கு வாரச் சம்பளத்தை அபராதமாகக் கேட்டது. இங்கிலாந்தில் முதல் தவறுக்கு ஒரு கிளப் தன் இஷ்டத்துக்கு விதிக்கக்கூடியது இரண்டு வாரச் சம்பளம் வரைதான். அதற்கு மேல் போக வேண்டுமானால் வீரர்கள் சங்கத்தின் சம்மதம் வேண்டும். சங்கம் சம்மதிக்கவில்லை. ஆட மறுத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு இடமே இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. அபராதம் இரண்டு வாரமாகக் குறைந்தது. அந்த நிமிடத்தோடு மான்சினியின் வார்த்தை காற்றில் போய்விட்டது. அவசரப்பட்டுச் சொன்ன ஒரு வாக்கியத்தால் கிளப்பின் நியாயமான கோபமும் சேர்ந்து பலவீனமாகிப் போனது. இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்: தோற்ற ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் எந்தப் பயிற்சியாளரும் யாருடைய எதிர்காலத்தைப் பற்றியும் பேசக்கூடாது.

ஆனால் நவம்பர்?

நவம்பரில் டெவெஸ் கிளப்பின் அனுமதி இல்லாமல் அர்ஜென்டினாவுக்கு விமானம் ஏறினார். பிப்ரவரி வரை திரும்பவில்லை. இங்கே தகராறு இல்லை, "நான் அப்படிச் சொல்லவில்லை" இல்லை. சக வீரர்கள் டிசம்பர் குளிரில் மூன்று நாளைக்கு ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் கோல்ஃப் ஆடும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. என்னைக் கேட்டால் மியூனிக்கில் நடந்தது ஒரு கெட்ட ராத்திரி. துரோகம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். குடும்பம் தூரத்தில் இருக்கிறது என்ற அவருடைய ஏக்கம் பொய் என்று நான் நினைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைப் பிரிந்திருப்பது யாருக்கும் கஷ்டம்தான். 2011 கோடையில் பிரேசில் கிளப்பான கொரிந்தியன்ஸுக்குப் போகும் பேரம் கடைசியில் முறிந்ததும் அவரைப் பாதித்திருக்கும். அதற்காக அணியை நடுவழியில் விட்டுவிட்டுப் போவதா? இரண்டாவது கோல்கீப்பரோ இளம் வீரரோ அப்படிப் போயிருந்தால் ஒரு வாரத்தில் அவர் கதை முடிந்திருக்கும்.

இதில் கிளப் நடந்துகொண்ட விதத்தை மட்டும் நான் மனசாரப் பாராட்டுவேன். இந்த முறை யாரும் மைக் முன்னால் கத்தவில்லை. சம்பளத்தை நிறுத்தினார்கள், அபராதம் போட்டார்கள். ஏ.சி. மிலான் கடனாகத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தது. விலையில்லாமல் விட மாட்டோம் என்று சிட்டி உறுதியாக நின்றது. ஜனவரியில் மிலானின் முன்கள வீரர் பாட்டோ பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி.க்குப் போக மறுத்ததும், அவரை விற்று டெவெஸை வாங்கும் மிலானின் கணக்கும் கலைந்தது. டெவெஸுக்கு வேறு வழியில்லாமல் போனது. பிப்ரவரியில் அர்ஜென்டினா தொலைக்காட்சியில் மான்சினி தன்னை நாயைப் போல நடத்தினார் என்று ஒரு பேட்டி கொடுத்தார். அப்புறம் அதே மாதம் வந்து மன்னிப்பும் கேட்டார்.

திரும்ப எடுத்தது சரியா? அப்போது எங்கள் ரசிகர்களிலேயே பாதிப் பேர் "மானம் போச்சு" என்றார்கள். எனக்குச் சரி என்றுதான் பட்டது, இப்போதும் அப்படித்தான். அபராதம் கட்டியாயிற்று, சம்பளம் போயிற்று, மன்னிப்பும் வந்தாயிற்று. அதற்கு மேலும் தண்டிக்க வேண்டுமானால் அது ஒழுங்கு நடவடிக்கை இல்லை, பழிவாங்கல். கோல் தேவைப்பட்டதால்தான் சேர்த்துக்கொண்டார்கள் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை.

2012 ஏப்ரல் 8-ம் தேதி சிட்டி ஆர்சனலிடம் தோற்றபோது லீக்கில் மான்செஸ்டர் யுனைடெட் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தது, மிச்சம் ஆறே ஆட்டம். சிட்டி முன்கள வீரர் பலோட்டெல்லி சிவப்பு அட்டை வாங்கி வெளியே. டெவெஸ் சக முன்கள வீரர் அகுவெரோவோடு சேர்ந்து இறங்கினார். வெஸ்ட் பிராமுக்கு எதிராக ஒரு கோல், நாரிச்சுக்கு எதிராக மூன்று. ஆறு ஆட்டத்தையும் சிட்டி வென்றது. இரு அணியும் 89 புள்ளியில் நிற்க, கோல் வித்தியாசத்தில் கோப்பை வந்தது. நாரிச்சில் மூன்றாவது கோல் அடித்துவிட்டு கோல்ஃப் மட்டையைச் சுழற்றுவது போல ஒரு சைகை காட்டினாரே, அது மட்டும் எனக்கு இன்றும் பிடிக்காது. நாம் காயம் பட்ட இடத்தில் கை வைத்தது மாதிரி இருந்தது.

2022-ல் டாட்டனம் ஆட்டத்தில் இறங்க மறுத்து, விசில் ஊதும் முன்பே ரொனால்டோ கிளம்பிப் போனபோது எனக்கு டெவெஸ்தான் ஞாபகம் வந்தார். யுனைடெட் அடுத்த செல்சி ஆட்டத்துக்கு அவரை எடுக்கவில்லை, அப்புறம் சேர்த்துக்கொண்டது, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக கேப்டனாகவும் ஆட வைத்தது. கிளப்பைத் தாக்கி அவர் பேட்டி கொடுத்த பிறகுதான் ஒப்பந்தமே முடிந்தது. அங்கேயும் உறவை முறித்தது பெஞ்ச் இல்லை.

நண்பரிடம் கடைசியாகச் சொன்னது 2012 மார்ச் 21 பற்றி. செல்சியோடு ஆட்டம், சிட்டி ஒரு கோல் பின்னால். டெவெஸ் எழுந்து கோட்டோரம் ஓடி வார்ம்-அப் செய்தார், இறங்கினார். அகுவெரோ பெனால்டியில் சமன் செய்தார். ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது நஸ்ரி பந்தை அவர் காலில் கொடுத்துவிட்டு உள்ளே ஓட, டெவெஸ் அதை அப்படியே திருப்பித் தந்தார். நஸ்ரி உள்ளே தள்ளினார். ஆறு மாதமாக அவர் மேல் வைத்திருந்த கோபம் தீரவில்லை. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன்.