தோணி எலும்பு

திருகோணமலை திருக்கடலூரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற பிள்ளை, போன மாதம் ஒரு பின்னேரம் கொப்பியோடு வந்தாள். "அக்கா, எனக்கு இது சரிவராது. கம்பஸை விட்டிட்டு வீட்டில இருக்கப் போறன்" என்று சொல்லி அழுதாள். முதலாம் வருடம். உடற்கூற்றியல் சோதனையில் மணிக்கட்டு எலும்பு எட்டையும் மாறி மாறி எழுதிவிட்டாளாம். உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் எழுதி ஏ எடுத்த பிள்ளை. கம்பஸில் சோதனை ஆங்கிலத்தில்.

கொப்பியைத் திறந்தால் ஸ்கபோயிட், லூனேற், பிசிஃபோம், ஹமேற் என்று பக்கம் பக்கமாக எழுதிப் பாடமாக்கியிருக்கிறாள். ஒன்றுக்கும் கருத்துத் தெரியாது. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. நான் படித்த காலத்திலும் இதே கதைதான், அதனால்தான் வயிறு எரிகிறது.

ஸ்கபோயிட் என்றால் கிரேக்க மொழியில் தோணி போன்றது. லூனேற் பிறை. பிசிஃபோம் பட்டாணி. ஹமேற் கொளுக்கி. காறை எலும்புக்கு வைத்த கிளவிக்கிள் என்ற பெயர் சின்னச் சாவி. உட்காதில் இருக்கிற கொக்லியா நத்தை ஓடு. பெயர் வைத்தவர்கள் எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்து, வீட்டிலும் கரையிலும் கண்ட சாமானின் பெயரை வைத்தார்கள். அதையே எங்கள் பிள்ளைகள் விளங்காத மந்திரம் மாதிரி உருப்போடுகிறார்கள்.

அவளிடம் பெருவிரலை நல்லாய் விரித்து நிமிர்த்தச் சொன்னேன். அடியில் இரண்டு தசைநாண் எழும்ப, நடுவில் ஒரு குழி விழும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய இடம். "அதுக்குள்ள அமத்திப் பார். உன்ர தோணி அங்கதான் கிடக்கு." அமத்தினாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பாவுக்கு இந்த இடத்திலதான் நோகிறது" என்றாள்.

அவளின் அப்பா போன வருடம் வள்ளத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தவர். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவியதோடு சரி. இன்றைக்கும் வலை இழுக்கக் கை பலமில்லை. அன்றிரவு அந்தக் குழியில் மகள் அமத்த, மனுசன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாராம். அடுத்த கிழமை எக்ஸ்ரே எடுத்தபோது தோணி எலும்பு இரண்டாக உடைந்து பொருந்தாமல் கிடந்தது. இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க நுனியால்தான் உள்ளே போகிறது. நடுவில் உடைந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமில்லாமல் பட்டுப்போகலாம். விழுந்த உடனே எடுக்கிற எக்ஸ்ரேயில் வெடிப்புத் தெரியாமலும் போகலாம். இதை அவள் இனி மறப்பாளா?

தமிழில் சொல்லிக் கொடுக்க ஏலாது என்று விரிவுரை மண்டபத்தில் சொல்கிறவர்களுக்கு ஒன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் எங்கள் பெடியன்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழில் கொண்டுவந்தார். வேறு நாட்டிலிருந்து வந்த மனுசனுக்கு ஏலுமென்றால் எங்களுக்கு ஏன் ஏலாது?

ஆங்கிலத்தை விடச் சொல்லவில்லை. சோதனை ஆங்கிலத்தில், நல்ல புத்தகங்களும் அதில்தான். ஆனால் நேற்றுவரை தமிழில் உயிரியல் எழுதிய பிள்ளைக்கு முதல் ஆறு மாதமாவது கருத்தைத் தமிழில் சொல்லுங்கள். எலும்பைக் கையில் கொடுங்கள், தன் உடம்பில் தொட்டுக் கண்டுபிடிக்க விடுங்கள், அதற்குப் பிறகு பெயரைக் கேளுங்கள். தமிழ்ச் சொல்லிலும் சிக்கல் இருக்கிறது. இரத்தக் குழாய்களுக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் நாடி, நாளம். இணையத்தில் தேடினால் இந்தியத் தமிழில் தமனி, சிரை. நாடிதான் தமனி, நாளம்தான் சிரை என்று சொல்ல ஆளில்லாமல் தடுமாறுகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

என்னிடம் பிளாஸ்ரிக் கை எலும்புத் தொகுதி ஒன்று இருக்கிறது. திருகோணமலையில் முதலாம் வருடம் உடற்கூற்றியல் படிக்கிற எவரும் ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வரலாம், காசு வேண்டாம். உள்பெட்டியில் எழுதுங்கள்.