பேய்க்கு எதற்குத் துணிக்கிளிப்பு?

பிள்ளைகளுக்கு நான் கதை சொல்லும் சனிக்கிழமைக் கதை நேரத்தில் நடந்ததும், பிறகு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பஞ்சாயத்தும் உங்களில் பலருக்குத் தெரியும். மறுபடியும் அளக்கப் போவதில்லை. "அறிவியல் காலத்தில் பிள்ளைகளுக்குத் தேவதையையும் பேயையும் காட்டி முட்டாளாக்குகிறார்" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

நான் காட்டியவை காட்டிங்லி தேவதைப் படங்கள்; இங்கிலாந்தில் இரண்டு பெண்பிள்ளைகள் விளையாட்டாக எடுத்த பொய்ப் புகைப்படங்கள். தேவதை இருக்கிறது என்று சொல்வதற்காக அல்ல. படித்த பெரியவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்று சொல்வதற்காக. இதைக் குழுவில் மூன்று முறை எழுதினேன். அதை வாசித்தவர் ஒருவரும் இல்லை.

1917. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் காட்டிங்லி கிராமம். உறவுக்காரப் பெண்பிள்ளைகள் இருவர்: எல்சிக்கு 16 வயது, பிரான்சஸுக்கு 9. வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் விழுந்து எழுந்து, ஈர உடையோடு வந்து திட்டு வாங்குவாள் சின்னவள். அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டால், தேவதைகளைப் பார்க்கப் போகிறேன் என்பாள். பெரியவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்சி ஒரு பரிசுப் புத்தகத்தைப் பார்த்துத் தேவதைகளை வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் நட்டு நிறுத்தினாள். அப்பாவின் கேமராவில் படமும் எடுத்தாகிவிட்டது. மகள் எவ்வளவு நன்றாக வரைவாள் என்பது அப்பாவுக்குத் தெரியுமே! இரண்டாவது படத்தோடு கேமராவை இரவல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

நம்பியவர் யார் தெரியுமா? ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். 1920 டிசம்பரில் பத்திரிகையில் கட்டுரை, 1922ல் தனிப் புத்தகம். எல்சி பார்த்து வரைந்த 1914ஆம் ஆண்டுப் பரிசுப் புத்தகத்தில் அவருடைய கதையும் ஒன்று இருந்தது என்பதுதான் கொடுமை. ஆனாலும் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. 1918ல் மகனைப் பறிகொடுத்தவர். கேலி செய்ய இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

"நம் பேய்கள் இருக்க வெள்ளைக்காரத் தேவதை எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, அந்தப் படங்களை உலகத்தின் முன் கொண்டுவந்த எட்வர்ட் கார்ட்னர் பிரம்மஞான சபைக்காரர் (தியோசாபிகல் சொசைட்டி). அந்தச் சபையின் தலைமையகம் சென்னை அடையாற்றில் இருக்கிறது. போதுமா?

இன்னொருவருடைய பிள்ளை இரவில் விளக்கை அணைக்க விடவில்லையாம். அது நியாயமான குறை. மன்னிப்புக் கேட்டேன், இரண்டு முறை. அதற்கு மேல் என்ன செய்ய?

நானும் பயந்த பிள்ளைதான். சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பாட்டி முனியும் மோகினியும் சொல்வார்; பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மாக்சிக், வாழைமரத்துப் பெண்பேய் பொந்தியானாக் சொல்வார். பத்து வயதில் நானும் மாமா மகளும் பாட்டியின் வெள்ளைச் சேலையைத் துணி காயப்போடும் மூங்கில் கழியில் மாட்டி, அந்தி நேரத்தில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் படம் எடுத்தோம். பிலிம் சுருளை வீணாக்கியதற்கு அப்பாவிடம் அடி. அது வேறு கதை.

எதிர்வீட்டு மாமா நம்பிவிட்டார். பெரிய அலுவலகத்தில் வேலை, காலையில் ஆங்கில நாளிதழைக் கடைசிப் பக்கம்வரை வாசிப்பவர். ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று முதல் இருட்டிய பிறகு எங்கள் பக்கத்து லிப்டில் ஏறவில்லை. பாட்டி? கையெழுத்துப் போடத் தெரியாதவர், ராத்திரிக்கு ஒரு பேய் வைத்திருந்தவர். படத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். "இது என் சேலைதானே? பேய்க்கு எதற்கடி துணிக்கிளிப்பு?" என்றார்.

கதை கேட்டு, கதை சொல்லி வளர்ந்தவருக்குக் கதை எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரியும். கிளிப்பு கண்ணில் படும். எனக்கு எல்லாம் தெரியும் என்று நிற்பவருக்குத்தான் படாது. இதைத்தான் சனிக்கிழமையும் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

எல்சியும் பிரான்சஸும் 1983ல்தான் உண்மையைச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய மனிதரை ஏமாற்றிவிட்டோமே என்ற கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டு கிழவிகளாகியிருந்தார்கள். அப்போதும் பிரான்சஸ், 1920ல் வேறு கேமராவில் எடுத்த மூன்று படங்களில் கடைசியான ஐந்தாவது படம் மட்டும் நிஜம் என்றார். கடைசிவரை மாற்றிச் சொல்லவில்லை. இதைச் சொன்னதும் ஒரு சிறுமி கையைத் தூக்கி, "டீச்சர், அவர் பொய் சொல்கிறாரா, ஆசைப்படுகிறாரா?" என்று கேட்டாள். முட்டாளாக்கப்பட்ட பிள்ளை கேட்கும் கேள்வியா இது? அவளுடைய அம்மாவும் குழுவில் இருக்கிறார். ஒரு வார்த்தை எழுதவில்லை. பரவாயில்லை.

ஏழு வருடமாகச் சம்பளம் வாங்காமல் செய்கிறேன். அடுத்த அமர்வு "ஒத்திவைக்கப்படுகிறது" என்று நேற்றுச் செய்தி வந்தது, கீழே ஒரு கும்பிடு பொம்மையோடு. தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

பாட்டியின் சேலைப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அதைத்தான் காட்டுவதாக இருந்தேன்.