வாடகை என்கிற அந்தச் சொல்

என் மகளுக்கு நாலு வயசு முடிந்துவிட்டது. இன்னமும் யாராவது ஒருத்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வாடகைத் தாய் மூலமாத்தானே?" என்று கேட்கிறார்கள். ஆமாம். அதற்குக் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. எனக்கு உறுத்துவது அந்த முதல் சொல்தான்.

முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் என் கருப்பையை எடுத்துவிட்டார்கள். குழந்தையும் தங்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை. சினைப்பைகள் மட்டும் மிஞ்சின. என் கருமுட்டை, கணவரின் விந்தணு, ஆய்வகத்தில் உருவான கரு. சுமந்தவர் ஏற்கெனவே ஒரு பையனுக்கு அம்மா. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"நாளைக்கே வந்து என் பிள்ளைன்னு கேட்டா என்ன பண்ணுவே?" என்று பயமுறுத்தியவர்கள் நிறைய. சுமந்தவர் குழந்தையைத் தர மறுத்த 'பேபி எம்' வழக்கு மாதிரி எதையோ கேள்விப்பட்டிருப்பார்கள். 1986ல் அமெரிக்காவில் பிறந்த அந்தக் குழந்தை, சுமந்தவரின் சொந்தக் கருமுட்டையில் உருவானது. எங்கள் கதை வேறு. மரபணுப்படி அக்காவுக்கும் என் மகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இப்படிச் சொல்லித்தான் எல்லார் வாயையும் அடைத்தேன்.

ஆனால் அக்காவுக்குப் போட்ட ஊசிகளை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். கரு வைப்பதற்கு முன்பிருந்தே மாத்திரை. பிறகு தினமும், கர்ப்பம் தங்குவதற்கான ஹார்மோனான புரொஜெஸ்டிரான் ஊசி, வாரக்கணக்கில். எண்ணெயில் கரைத்த மருந்து, கெட்டியாக இருக்கும். குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கித் தருவது மட்டும்தான் என் வேலை. ஒரு நாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம். கோலிக்குண்டு அளவில் கட்டி கட்டியாக எழும்பியிருந்தது. நர்ஸ் இடம் தேடித் தடவிக்கொண்டிருக்க, அக்கா சுவரைப் பார்த்தபடி, "சீக்கிரம் போடுங்க சிஸ்டர், பையன் ஸ்கூல் விட்டு வந்துடுவான்" என்றார். கடைசி மாதங்களில் ரத்த அழுத்தம் வேறு. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு ரத்த அழுத்தம் ஏறுமா?

அப்புறம்தான் இதைப் படித்தேன். கர்ப்பத்தில் குழந்தையின் செல்கள் சில, சுமப்பவரின் ரத்தத்தில் கலந்துவிடுமாம். பிரசவமாகி 27 வருடம் கழித்தும் ஒரு பெண்ணின் உடம்பில் அவை இருந்ததை 1996ல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவ்வளவு அடித்துச் சொன்னேனே!

இந்த வழியே தப்பு என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இன்னொரு முறை கேட்டாலும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இன்பாக்ஸில் செலவு கேட்கிறார்கள். நான் முதலில் சொல்வது: சுமப்பவருக்கென்று தனி டாக்டர், தனி வக்கீல் வையுங்கள். நமக்காகப் பேசுகிறவரே அவருக்காகவும் பேசினால், அவர் பக்கம் பேச ஆளே இல்லை என்று அர்த்தம்.

செலவு கேட்பார்கள், யார் ஜாடை என்று கேட்பார்கள். அக்கா எப்படி இருக்கிறார் என்று இந்த நாலு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. நானே என்ன யோக்கியம்? சிசேரியன் முடிந்து குழந்தையைக் கையில் கொடுத்ததும் மொத்தக் குடும்பமும் குழந்தையோடு போய்விட்டோம். மூன்றாம் நாள்தான் போய்ப் பார்த்தேன். பால் கட்டி, காய்ச்சலோடு படுத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "பாப்பா நல்லாக் குடிக்குதா?" என்றார்.