போஸ்டிங் குரூப் 2 என்றால் எல்லாமே ஜி2 இல்லை

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் (பிஎஸ்எல்இ) மொத்த மதிப்பெண்ணை வைத்து, உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை மூன்று போஸ்டிங் குரூப்களில் சேர்க்கிறார்கள். பாடங்களுக்கு ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று நிலைகள்; ஜி3-தான் மிகக் கடினமானது. இதைப் பற்றி ஒருவர், "போஸ்டிங் குரூப் 2 கிடைத்தால் பழைய வழக்கநிலைதான், எல்லாப் பாடமும் ஜி2, நான்கு வருடத்துக்கும் மாற்ற முடியாது" என்று எழுதியிருக்கிறார். அது தவறு. சிங்கப்பூரில் 2024 உயர்நிலை 1 மாணவர்களிலிருந்து மாணவர்களை விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரிக்கும் பழைய முறையே கிடையாது.

மொத்த மதிப்பெண் தொடங்கும் இடத்தைத்தான் சொல்கிறது. ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் நான்குக்கும் பாடவாரியாகத் தனிக்கணக்கு உண்டு. பொதுநிலைப் பாடத்தில் (எளிதான அடிப்படைநிலைப் பாடத்தில் அல்ல) ஏஎல் 5 (ஏஎல் என்பது பாடத்துக்கான தரம்; 1 முதல் 8 வரை, எண் குறைந்தால் நல்லது) அல்லது அதைவிட நல்ல தரம் என்றால் அந்தப் பாடத்தை உயர்நிலை 1 முதலே ஜி3-இல் எடுக்கலாம்.

என் மகளுக்கு மொத்தம் 23. ஆங்கிலம் 6, கணிதம் 6, அறிவியல் 7, தமிழ் 4. முடிவுத்தாளைப் பார்த்து அவள் அழுதுவிட்டாள். அப்புறம் அந்த 4-ஐக் காட்டி, "தமிழ் உனக்கு ஜி3" என்றேன். இப்போது தமிழ் ஜி3, மற்றவை ஜி2. வகுப்பில் மூன்று குரூப் பிள்ளைகளும் கலந்தே இருக்கிறார்கள். உடற்கல்வி, கலை, இசை எல்லாம் சேர்ந்துதான்.

உயர்நிலை 2-இலிருந்து வரலாறு, புவியியல் போன்ற பாடங்களையும், நன்றாகச் செய்தால், மேல்நிலையில் எடுக்க வழி இருக்கிறது. தயவுசெய்து மொத்தத்தை மட்டும் பார்த்துப் பிள்ளையிடம் "அவ்வளவுதான்" என்று சொல்லிவிடாதீர்கள்.